தொரை பங்களாச் சந்தை

காளியாயிக்கு மனுஷர்களையே பிடிக்காது என்று ஹட்டன் சந்தையில் சொல்வார்கள். அது தப்பு. மரக்கறி வாங்கத் தெரியாத மனுஷர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவர்கள் ஊரில் நிறைந்து கிடந்தால் அதற்கு அவள் என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாக்கை விரித்து வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் கரட்டும் கோவா என்கிற முட்டைக்கோசும் பரப்பி உட்கார்ந்தால், பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் வாயைத்தான் கவனிப்பார்கள். கோவாவைக் கையில் ஏந்திக் கனம் பார்க்கிறவர்களை அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். மேல் இலையை உரித்து உரித்துப் பார்க்கிறவர்களிடம், "உள்ள என்னாங்க தேடுறீங்க, புள்ளயா படுத்திருக்கு?" என்பாள். கரட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு யோசிக்கிறவரிடம், "பொண்ணு பாக்க வந்தீங்களா, கரட் வாங்க வந்தீங்களா?" என்பாள். ஏச்சு வாங்கினவர்களே அடுத்த கிழமையும் வந்தார்கள். அவள் சாக்கில் முந்தாநாள் சரக்கு இருக்காது. விடியற்காலையில் பிடுங்கி, பனி காய்வதற்குள் முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தது மட்டும்தான் இருக்கும்.

அவள் ஈரக்கல் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் பிறந்தவள். பதினாறு வயதில் பேர் பதிந்து இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தாள். முழங்கால் மலை ஏற மறுத்த பிறகு, லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடையோரம் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி, வேலி போட்டு, பாத்தி கட்டினாள். புருஷன் வீரய்யா தோட்டத்தில் காவல்காரர். நல்ல மனுஷர். ஆனால் காற்சட்டை போட்ட யாரைக் கண்டாலும் அவர் தலையில் கட்டிய துண்டு தானாக இறங்கிவிடும். அதற்காகவே காளியாயி அவரை மதிப்பதில்லை. ஒரே மகள் கிருஷாந்தி வலப்பனைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள்.

போன கார்த்திகையில் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பத்தாம் நாள் காலை ஓடையோரத்து மேடு பாத்தியோடு, வேலியோடு, அறுக்க ஒரு கிழமையே இருந்த லீக்ஸோடு கீழே போய்ச் சேர்ந்தது. லயம் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். காளியாயி மேட்டு விளிம்பில் நின்று சேற்றைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு வந்தாள். அழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கணேசமூர்த்தி லயத்துக்கு வந்தார்.

மலை உச்சியில் இருந்த பழைய வெள்ளைக்காரத் தொரை பங்களாவை ஒரு கொழும்புக் கம்பெனி எடுத்து, கண்ணாடிச் சுவர் வைத்து, உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டலாக மாற்றியிருந்தது. பலகையில் நீளமாக ஒரு இங்கிலீசுப் பேர். லயத்தில் ஒருவருக்கும் அது வாயில் நுழையாது. கணேசமூர்த்தி அதற்கு மேனேஜர். கழுத்தில் டை, கையில் வோக்கி டோக்கி. வேலைக்காரர்களிடம் இங்கிலீசும், வாசல் காவலாளிகளிடம் சிங்களமும் பேசுவார். தமிழ் என்றால் தொண்டையில் முள் சிக்கியதுபோல் ஒரு முகம். அவருடைய அம்மா சின்னப்பொண்ணு காளியாயிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள் என்பதும், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் அவர் மூக்கு ஒழுகத் திரிந்தவர் என்பதும் தோட்டத்துக்கே தெரியும். அவருக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

"நீங்கதான் மார்க்கட்ல மரக்கறி விக்கிற லேடியா?" என்று கேட்டார்.

"லேடி எல்லாம் இல்லீங்க. காளியாயி" என்றாள் அவள்.

ஹோட்டலுக்குள்ளேயே ஒரு சந்தை போடப் போகிறார்களாம். வருகிற விருந்தாளிகளுக்கு ஊர்ச் சந்தையில் போய்ப் புதிய மரக்கறி வாங்கிச் சாப்பிட ஆசையாம். ஆனால் ஊர்ச் சந்தையில் சேறு, நாய், பஸ் புகை. அதனால் சந்தையை அவர்களிடம் கொண்டுவருவதாம். காளியாயி உட்கார்ந்து விற்கவேண்டியதுதான் பாக்கி.

அவர் பேசிமுடிக்கும்வரை வீரய்யா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "தொரை சொன்னா சரிதாங்க" என்றார் கடைசியில்.

"இவரு எப்ப தொரையானாரு?" என்று காளியாயி முணுமுணுத்தாள். ஆனால் பாத்தி போன பின் கை சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கையை அவளுக்குப் பார்க்கப் பிடிக்காது. தையில் ஹோட்டல் வேனில் ஏறி வேலைக்குப் போனாள்.

முதல் நாளே அவள் பேரை மாற்றினார்கள். காளியாயி என்ற பேர் விருந்தாளிகளுக்குக் கஷ்டமாம். மாயா என்று இங்கிலீசில் எழுதிய ஒரு அட்டையை மார்பில் குத்திவிட்டார்கள். பெரிய பொட்டு, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், முதுகில் பிரம்புக்கூடை. கொழுந்து பறித்த காலத்தில் கடைசிப் பல வருஷம் அவள் சுமந்தது பிளாஸ்டிக் சாக்குதான். "உக்காந்து மரக்கறி விக்கிறவளுக்கு முதுகுல கூடை எதுக்குங்க?" என்று கேட்டாள். படத்துக்கு நன்றாக இருக்கும் என்றார்கள்.

மரக்கறி நுவரெலியா மொத்த வியாபாரியிடமிருந்து லொறியில் வந்தது. வரும்போதே இரண்டு மூன்று நாள் பழசு. கரட்டெல்லாம் மிஷினில் கழுவி, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வரும். அப்படியே வைத்தால் கடைச் சரக்கு மாதிரி இருக்கிறதென்று, கடைக்குப் பின்னால் ஒரு வாளியில் ஈர மண் குழைத்து வைத்திருந்தார்கள். காலையில் காளியாயியின் முதல் வேலை, கழுவின கரட்டுக்கு மறுபடி மண் பூசுவது. முதல் நாள் அவள் சிரித்தே விட்டாள். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை ஹட்டனில் சொன்னால் நம்புவார்களா?

பத்து மணிக்கு விருந்தாளிகள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் நேரே கடற்கரையிலிருந்து மலை ஏறியவர்கள். தீவு என்றால் எங்கும் வெயில்தான் என்று நினைத்து, அரைக் காற்சட்டையும் ரப்பர் செருப்புமாக, மூடுபனியில் பல் கிட்டிக்க வந்து நின்று, மாம்பழம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அவர்களுக்காகக் கீழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த மாம்பழத்தைக் காட்டி, "ஃப்ரெஷ்" என்று சொல்லவேண்டும். இந்த மலையில் மாமரம் காய்த்து யாரும் கண்டதில்லை. ஒருவர் லீக்ஸ் ஒன்றைத் தரையில் படுக்கவைத்து, தானும் மண்டியிட்டு, செத்த பாம்பைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். ஒரு அம்மா அரைமணி நேரம் தேடி, கூடையில் இருந்ததிலேயே முற்றிப்போன பீட்ரூட்டை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள்.

வாங்குவதும் நிஜமில்லை. ஆளுக்கு ஒரு பை மரக்காசு கொடுத்திருப்பார்கள். காளியாயி ஒரு விலை சொல்லவேண்டும். அவர்கள் குறைத்துக் கேட்கவேண்டும். அவள் தலையில் கைவைத்து அழுவதுபோல் பாவனை செய்து இறங்கி வரவேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று அவர்கள் கைதட்டிக்கொண்டு குசினிக்குப் போவார்கள். அங்கே அந்த மரக்கறியை வாங்கி ஒரு மூலையில் போட்டுவிட்டு, ஐஸ் அறையில் இருந்ததைச் சமைத்துக் கொடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டு, இப்படி ஒரு புது ருசியை வாழ்நாளில் கண்டதில்லை என்று விருந்தாளிப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள்.

காளியாயி சாயங்காலம் லயத்துக்கு வந்து ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இவ்வளவு முட்டாள்களும் ஒரே கூரைக்குக் கீழே எப்படிச் சேர்ந்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். ஏழு மாதம் இந்த ஆச்சரியத்திலேயே ஓடியது. ஏமாறுகிறவர்கள் அவர்கள், வேடிக்கை பார்க்கிறவள் தான் என்றே அவள் நினைத்திருந்தாள்.

ஆவணியில், பள்ளிக்கூட விடுமுறையோடு, மாத்தளையைச் சேர்ந்த ஒரு குடும்பம் வந்தது. கொழும்பில் போன் கடை வைத்திருக்கும் அப்ராஸ், அவன் பெண்சாதி, பிள்ளைகள், அவனுடைய உம்மா ரஸீனா. உம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கறுப்பு அபாயாவுக்கு மேலே மகனின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மற்ற விருந்தாளிகளுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தாள். மரக்காசுப் பையை வாங்கவே இல்லை.

எல்லோரும் பேரம் பேசிக் கைதட்டிப் போனபின் அவள் மட்டும் நின்றாள். ஒரு லீக்ஸை எடுத்து, அடியில் வெட்டின வாயை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். வைத்தாள். ஒரு கரட்டை எடுத்தாள். கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தாள். மண் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது.

"என்னா வேணும் மேடம்?" என்றாள் காளியாயி. அப்படித்தான் கேட்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"மேடமா? எனக்கா?" ரஸீனா சிரிக்கவில்லை. இருக்கு என்பது அவள் பேச்சில் ஈக்கி ஆகும். "இந்த லீக்ஸ் வெட்டி மூணு நாள். வெட்டின எடம் காஞ்சி ஈக்கி. இந்தக் கரட்டுக்கு மண்ணு யாரு பூசின?"

காளியாயி கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மண்ணுக்குள்ள ஈந்த கரட்டுக்கு மண்ணு வேரோட ஒட்டி ஈக்கும். இது சாந்து பூசின சுவரு மாதிரி ஈக்கி. நான் முப்பது வருஷம் மாத்தளையில மரக்கறிக் கடை வெச்சவ. எனக்கா காட்டுற?"

"ஹோட்டல்ல சொல்றாங்க, நான் செய்யிறேங்க. என் சரக்கு இல்ல இது" என்றாள் காளியாயி.

"சரக்கு ஒங்களுட இல்ல. பூசின கை யாருட?"

அவ்வளவுதான். கரட்டை வைத்துவிட்டு, கையை ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டு, ரஸீனா ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. கோவாவின் மேல் இலையை உரிக்கிறவர்களைக் காளியாயி எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் லயத்தில் நடிப்பு இல்லை. வீரய்யா மெல்ல என்னவென்று கேட்டார். சொன்னாள்.

"அவுங்க ரெண்டு நாள்ல போயிருவாங்க. நமக்கென்னா?" என்றார் அவர்.

"அதான் ஒங்க புத்தி. யாரு வந்தாலும் ரெண்டு நாள்ல போயிருவாங்க, அதுவரைக்கும் குனிஞ்சி நிப்போம்" என்று சீறினாள். சொல்லி முடித்ததும், ஏழு மாதமாகத் தலையில் கைவைத்து அழுவதுபோல் நடித்தது யார் என்று ஒரு கேள்வி வந்து முன்னால் நின்றது. அவள் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. மண் வாளியை அவள் தொடவில்லை. கரட் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. எட்டு மணிக்கே ரஸீனா ஹோட்டல் பூந்தோட்டத்தில் உலாத்திக்கொண்டிருந்தாள். அறைக்குள் உட்கார முடியவில்லை போலிருக்கிறது. காளியாயி நேரே அவளிடம் போனாள்.

"அக்கா, ஹட்டனுக்கு வாறீங்களா? பஸ்ஸுல ஒரு மணி நேரம். மரக்கறின்னா என்னான்னு நான் காட்டுறேன்."

ரஸீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வேஷத்தோடயா?"

காளியாயி கூடையைக் கழற்றிக் கடைக்குப் பின்னால் வீசினாள். வளையலைக் கழற்றினாள். அட்டை மட்டும் சேலையில் மாட்டிக்கொண்டு கழல மறுத்தது. அதோடேயே இருவரும் கீழே ரோட்டுக்கு இறங்கி பஸ் ஏறினார்கள்.

ஹட்டன் சந்தையில் அன்று நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ஒரு காளியாயியையே தாங்காத சந்தைக்கு அன்று இரண்டு பேர். கோவா விற்கிறவனிடம் ரஸீனா, "இது கோவாவா, பஞ்சு மூட்டையா?" என்றாள். போஞ்சிக்காரனிடம் காளியாயி, "போன கிழமை விக்காதத தண்ணி தெளிச்சி வச்சிருக்கியே, அதுக்கு மூச்சு வாங்குது பாரு" என்றாள். ஒரு கடையில் லீக்ஸ் நன்றாக இருந்தது. இருவரும் ஒரே கட்டை ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ரஸீனா விடவில்லை. காளியாயியும் விடவில்லை.

"இது நான் கண்டது" என்றாள் ரஸீனா.

"இது வெளஞ்ச மலையே எனக்குத் தெரியும்" என்றாள் காளியாயி.

கடைக்காரன் பயந்துபோய் உள்ளேயிருந்து அதே மாதிரி இன்னொரு கட்டை எடுத்துக் கொடுத்தான். அப்போதுதான் ரஸீனா முதல்முறையாகச் சிரித்தாள். பேரப்பிள்ளைகளுக்கு லீக்ஸும் கிழங்கும் போட்டுத் தானே ஒரு கறி ஆக்கப்போவதாகச் சொன்னாள். ஹோட்டல் சூப்பைப் பற்றி, "கைகழுவின தண்ணிக்கு உப்புப் போட்ட மாதிரி" என்றாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இருவரும் ஹோட்டலைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். காளியாயிக்குப் பாத்தி போன நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

ஹோட்டல் வாசலில் காவலாளி பையை நிறுத்தினான். வெளிச் சாப்பாட்டுச் சாமான் உள்ளே விட அனுமதி இல்லை. ரஸீனா குரலை உயர்த்தினாள். கணேசமூர்த்தி வந்தார். சுத்தம், சுகாதாரம், கம்பெனி விதி என்று முதலில் இங்கிலீசில் சொன்னார். பிறகு சிங்களத்தில்.

"சந்தையில புது மரக்கறி வாங்கிச் சாப்பிடலாம் எண்டு போன்ல படம் போட்டது யாரு? நான் சந்தைக்குப் போயி வாங்கிட்டு வந்தீக்கி. இப்ப சுத்தம் இல்லையா?" என்று ரஸீனா கேட்டாள். "ஒங்கட கரட்டுக்குப் பூசின மண்ணு சுத்தமா?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பகல் சாப்பாட்டில் இருந்த விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். கணேசமூர்த்தியின் முகம் வெளுத்தது. காளியாயியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். இவுங்கள கூட்டிக்கிட்டு அந்தப் பக்கமா போயிருங்க. கம்பெனிக்காரன் என்னயத்தான் தூக்கி எறிவான்."

அவ்வளவு நல்ல தமிழ் அந்த வாய்க்குள் இருந்ததா! பிள்ளைக் காம்பராவைப் பற்றி, அவர் அம்மாவைப் பற்றி, எல்லோர் முன்னாலும் கேட்க அவளிடம் நிறைய இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சின்னப்பொண்ணு நல்லவள். மகனுக்காக அவளை இந்த வாசலில் இழுத்துப்போடக் காளியாயிக்கு மனம் வரவில்லை. சேலையில் மாட்டியிருந்த அட்டையை நூல் கிழியப் பிடுங்கி கணேசமூர்த்தியின் கையில் வைத்தாள்.

"இத வச்சுக்கங்க. வேற ஒருத்தி வருவா. ஆளு வேறயின்னு ஒங்க கெஸ்ட்டுக்குத் தெரியவா போகுது?"

ரஸீனா துணைக்குப் பேசுவாள் என்று அவள் நினைத்தாள். அதற்குள் அப்ராஸ் ஓடிவந்துவிட்டான். வெட்கத்தில் காது சிவந்திருந்தது.

"உம்மா, என்ன இது? எல்லாரும் பாக்குறாங்க. ஒங்களுக்காகத்தானே இவ்வளவு செலவு செஞ்சி கூட்டிட்டு வந்த. உள்ள வாங்க."

சந்தையையே கலக்கிய அந்த வாய் மூடிக்கொண்டது. ரஸீனா மகன் முகத்தைப் பார்த்தாள், கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். பிறகு பையைக் காளியாயியிடம் நீட்டினாள்.

"நீங்களாவது ஆக்கித் தின்னுங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மகனுக்குப் பின்னால் ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சூப்பைக் குடிக்கத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

காளியாயிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நேற்று தன்னை அப்படிப் பார்த்தவள், இன்று மகன் ஒரு சொல் சொன்னதும் பூனையாகப் போகிறாளே! மலை இறங்குகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் முழங்கால் வலித்து ஒரு கல்லில் உட்கார்ந்தபோது, மகள் கிருஷாந்தி வந்து "சும்மா இரும்மா" என்று சொல்லும்போதெல்லாம் தான் என்ன செய்கிறோம் என்று யோசித்தாள். திட்டை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் லீக்ஸும் கிழங்கும் போட்டுக் கறி வைத்தாள். வீரய்யா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபிறகுதான் வேலை போன கதையைச் சொன்னாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "தொரை கோவமா இருந்தாரா?" என்று மட்டும் கேட்டார். அவள் கறிச்சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஹோட்டலில் சந்தை இன்றும் நடக்கிறது. மேல்பிரிவுப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். காளியாயி அவளை ரோட்டில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. ஏசுவதுமில்லை.

ஹட்டனில் முத்துலிங்கம் என்ற மரக்கறிக் கடைக்காரர் அவளைத் தேடி வந்து, கடையில் வந்து உட்காரச் சொன்னார். "சரக்குத் தெரிவு செய்ய ஒங்கள மாதிரி கை இல்லீங்க. வாய மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார்.

"கைய மட்டும் தனியா அனுப்ப முடியாதுங்க. ரெண்டும் சேந்துதான் வரும்" என்றாள்.

முதல் கிழமையே அவர் கொண்டுவந்து இறக்கிய தக்காளியில் பாதியை லொறியிலேயே திருப்பி அனுப்பினாள். முத்துலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கூட்டம் கூடியது. அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில், லயத்துக்கு மேற்பக்கம், மண் இறுகிக் கிடக்கும் ஒரு சரிவில் அவள் புதுப் பாத்தி கொத்துகிறாள். வீரய்யா கல் பொறுக்குகிறார். நட்ட லீக்ஸ் நாற்றில் பாதியை நத்தை தின்றுவிட்டது. காலையில் விளக்குமாற்றால் நத்தைகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டே அவள் திட்டுகிறாள்: "தின்னத் தெரியுதா பாரு ஒங்களுக்கு! நடுவுல கடிச்சிட்டு விட்டுட்டுப் போறீங்களே. திங்கிறதுன்னா ஒழுங்கா முழுசாத் தின்னு தொலைங்க."